கைக்காசு குறைவாக இருக்கும்போது வீடு கட்டக் கடன் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கணவன் மனைவி இருவருக்கும் நிலையான சம்பளம் வருகிறது. இருப்பது வாடகை வீட்டில். சேமிப்பு என்று பார்த்தால், வீடு கட்ட ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முழுத் தொகையையும் கடனாக வாங்கிக் கட்டலாமா, இல்லை பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வாங்கலாம். ஆனால் கையில் பணமே இல்லாமல் கடைக்கால் தோண்டாதீர்கள். வங்கி கேட்கும் சொந்தப் பங்கு குறைவாக இருப்பது ஒரு விஷயம். கட்டி முடியும்வரை அவசரத்துக்கு எடுக்கப் பணம் இல்லாமல் இருப்பது வேறு விஷயம். சொந்தப் பங்கு குறைந்தால் வட்டி கூடும், அவ்வளவுதான். அதைத் தாங்குகிற சம்பளம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். கையிருப்பு இல்லாததுதான் வீட்டைப் பாதியில் நிறுத்தும். வீட்டுக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். தவணை கட்ட முடியாமல் திணறியவர்களைவிட, வீட்டைக் கட்டி முடிக்க முடியாமல் திணறியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வங்கி ஏன் சொந்தப் பங்கு கேட்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நீங்கள் தவணை கட்டாமல் போனால், வீட்டை விற்றுத்தான் வங்கி தன் பணத்தை எடுக்க வேண்டும். அவசர விற்பனையில் சந்தை விலை கிடைக்காது. வழக்குச் செலவு, ஏலச் செலவு, அதுவரை ஏறிய வட்டி எல்லாம் கழியும். வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் மட்டும் கடன் கொடுத்திருந்தால் இந்த இழப்பெல்லாம் மீதி இருபதுக்குள் அடங்கிவிடும் என்பது கணக்கு. பாதி கட்டிய வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம். நூறு செலவழித்த அரைகுறைக் கட்டடத்தை நூறு கொடுத்து வாங்க யாரும் வர மாட்டார்கள். கட்டி முடித்த வீட்டை வாங்கக் கடன் தரும்போது தாராளமாக இருக்கும் வங்கி, கட்டப்போகும் வீட்டுக்குக் கறாராக நிற்பது இதனால்தான்.

வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் கடன் தொகையைப் பொறுத்து வீட்டு மதிப்பில் 75 முதல் 90 சதவீதம் வரை என்று ரிசர்வ் வங்கி வரையறுத்திருக்கிறது. நெதர்லாந்தில் 2018 முதல் பொதுவான உச்சவரம்பு 100 சதவீதம். அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முன்னாள் படைவீரர் கடனில் பொதுவாக முன்பணமே கேட்பதில்லை, ஏனென்றால் ஒரு பகுதிக்கு அரசே உத்தரவாதம் தருகிறது. இந்தக் கடைசி விவரத்தைக் கவனியுங்கள். முழுக்கடன் கிடைக்கும் இடங்களில் பெரும்பாலும், வங்கி ஏற்க மறுக்கும் அந்த இருபது சதவீத ஆபத்தை வேறு யாரோ ஏற்றிருப்பார்கள். அரசாக இருக்கலாம், காப்பீட்டு நிறுவனமாக இருக்கலாம், தன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்த உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம். யாரும் ஏற்காத இடத்தில் நீங்கள் அதை வட்டியாகச் செலுத்துவீர்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால், அந்நாட்டு அரசின் கண்காணிப்பில் உள்ள வங்கிகளில் அடமானக் காப்பீடு கட்டாயம். வேறு பல நாடுகளிலும் இதேபோல உண்டு. பிரீமியம் கட்டுவது நீங்கள், பாதுகாப்பு வங்கிக்கு. கடன் முறிந்தால் வங்கியின் நஷ்டத்தை அந்த நிறுவனம் ஈடுகட்டும், உங்கள் வீட்டைக் காப்பாற்றாது. ‘காப்பீடு இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் குடும்பத்தைக் காப்பது தனியாக எடுக்கும் டேர்ம் ஆயுள் காப்பீடுதான், அதாவது குறித்த காலத்துக்குள் நீங்கள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு. முழுக்கடன் வாங்குகிறவர் அதை எடுக்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

சரி, வட்டிக் கணக்குக்கு வருவோம். வீட்டின் மொத்தச் செலவு 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாணயமானாலும் சரி, பூஜ்யங்களை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். 25 வருடத் தவணை. 80,000 மட்டும் கடன் வாங்கினால் வட்டி 8 சதவீதம். முழு 1,00,000 வாங்கினால் 8.75 சதவீதம் என்று வங்கி சொல்கிறது. முக்கால் சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் முக்கால், கடைசி இருபதாயிரத்துக்கு மட்டும் வருவதில்லை, முழு லட்சத்துக்கும் வருகிறது. 80,000க்கு மாதத் தவணை 617. 1,00,000க்கு 822. கூடுதலாக வாங்கிய 20,000க்காக மாதம் 205 கட்டுகிறீர்கள். அதைத் தனிக் கடனாகப் பிரித்துப் பார்த்தால் அதன் வட்டி ஏறக்குறைய 11.6 சதவீதம். வங்கி உங்களிடம் சொல்லும் விகிதம் 8.75, கடைசி இருபதாயிரத்தின் உண்மையான விலை 11.6. ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். அதைவிட மலிவாக அந்த 20,000 எங்காவது கிடைத்தால், உதாரணமாக ஆயுள் காப்பீட்டு பாலிசியின் மேல் கடனாகவோ, அலுவலகம் தரும் வீட்டு முன்பணமாகவோ கிடைத்தால், அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அந்தக் கடனையும் வங்கியிடம் மறைக்காமல் காட்டிவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே 1,00,000 கடனுக்கு ஐந்து வருடம் ஒழுங்காகத் தவணை கட்டினால் மொத்தம் 49,300 போயிருக்கும். அசலில் பாக்கி எவ்வளவு தெரியுமா? 93,000. ஐந்து வருடத்தில் அசல் குறைந்தது 7,000தான். இந்தக் காலத்தில் வேலை மாறி ஊரை விட்டுப் போக வேண்டி வந்தாலோ, குடும்பத்தில் பிரச்சினை வந்து விற்க வேண்டி வந்தாலோ, வீட்டு விலை பத்து சதவீதம் இறங்கியிருந்தால் போதும்: விற்ற பணம் கடனை அடைக்காது. பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி ஒரு காலத்தில் வீட்டு மதிப்பில் 125 சதவீதம் வரை கடன் கொடுத்தது. அந்த வங்கி 2007இல் நெருக்கடியில் சிக்கி 2008 பிப்ரவரியில் அரசுடைமையானதற்கு முக்கியக் காரணம் அது நிதி திரட்டிய விதம்தான், அது வேறு கதை. ஆனால் விலை இறங்கியபோது அப்படிக் கடன் வாங்கிய பல குடும்பங்கள் விற்கவும் முடியாமல், குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாறவும் முடியாமல் மாட்டிக்கொண்டன. ஆகவே குறைந்தது பத்து வருடமாவது அதே ஊரில் இருப்போம் என்ற உறுதி இல்லாதவர்கள் முழுக்கடனில் கட்டவே வேண்டாம் என்பேன்.

இதுவரை சொன்னது தாங்கக்கூடிய செலவு. இனிதான் ஆபத்து.

கட்டுமானக் கடனை வங்கி மொத்தமாகக் கையில் தராது. கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கும்: கடைக்கால் முடிந்ததும் ஒரு பகுதி, சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலின் மேல் விளிம்புக்கு வந்ததும் ஒரு பகுதி, கூரை போட்டதும், பூச்சு முடிந்ததும், கடைசியில் தரை, கதவு, பெயின்ட். ஒவ்வொரு கட்டத்திலும் வங்கி அனுப்பும் பொறியாளர் வந்து பார்த்து, படம் எடுத்து, அறிக்கை கொடுத்த பிறகுதான் அடுத்த தொகை. அதாவது வங்கி கொடுப்பது முடிந்த வேலைக்கு. கான்ட்ராக்டர் கேட்பது தொடங்கப்போகும் வேலைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் உங்கள் பணத்தில்தான் ஓட வேண்டும். பல வங்கிகள் உங்கள் பங்கு முழுவதும் கட்டடத்தில் இறங்கிய பிறகே தங்கள் முதல் தொகையை விடுவிக்கும்.

இது மிகவும் இறுக்கும் இடம் கூரை. சாரம் கட்ட வேண்டும், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடிக்க வேண்டும், கம்பி வாங்கி வளைத்துக் கட்ட வேண்டும், சிமென்டும் ஜல்லியும் மணலும் ஒரே நேரத்தில் வந்து இறங்க வேண்டும், கான்கிரீட் போடும் நாளில் கூட்டமாக ஆட்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் சில நாளுக்குள் பணம் எண்ணி வைக்க வேண்டும். பொறியாளரோ கான்கிரீட் போட்டு முடித்த பிறகுதான் ‘கூரை முடிந்தது’ என்று எழுதுவார். கம்பி கட்டி வைத்திருப்பது அவர் படிவத்தில் ஒரு கட்டமே இல்லை. கையில் பணம் இல்லாதவர் இங்கேதான் நிற்கிறார். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுகிறது, கம்பி மழையில் துருப்பிடிக்கிறது, மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவரைத் திரும்பக் கூப்பிடுவதற்குள் இரண்டு மாதம் போய்விடும். அந்த நெருக்கடியில்தான் கிரெடிட் கார்டிலும் கந்துவட்டியிலும் கை வைக்கிறார்கள்.

இதற்கு ஒரு மருந்து உண்டு, செலவில்லாதது. கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால் வங்கியின் விடுவிப்பு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் பணம் கொடுக்கும் கட்டங்களை அதே வரிசையில், அதே பெயரில் எழுதுங்கள். பெரும்பாலானோர் கான்ட்ராக்டர் கொடுத்த தாளில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வங்கிக்குப் போகிறார்கள். கான்ட்ராக்டர் தாளில் முதல் கட்டத்தில் முப்பது சதவீதம் என்றும் வங்கியின் அட்டவணையில் பதினைந்து என்றும் இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் தலையில். பொறியாளர் ஆய்வுக்கு வர எத்தனை நாள் ஆகும், அறிக்கைக்குப் பின் பணம் வர எத்தனை நாள் என்பதையும் கேட்டு, அந்த நாட்களையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். நல்ல கான்ட்ராக்டர் மறுக்க மாட்டார். பெரிய முன்பணம் இல்லாமல் வேலையே தொடங்க மாட்டேன் என்பவர், பெரும்பாலும் இதற்கு முந்தைய வீட்டின் கடனை உங்கள் பணத்தில் அடைக்கப் பார்க்கிறவர்.

அடுத்து, எஸ்டிமேட்டில் வராத செலவுகள். பத்திரப் பதிவு, வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், மண் பரிசோதனை, வரைபட அனுமதி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, சுற்றுச்சுவர். இவற்றில் பலவற்றுக்கு வங்கி கடன் தராது. ‘நூறு சதவீதக் கடன்’ என்று சொல்லும் இடத்திலும் நூறு என்பது கட்டடத்துக்குத்தான். இவை போக, எதிர்பாராத செலவுக்கு என்று எஸ்டிமேட்டில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூடுதலாக வைப்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பொதுவான அளவு. தோண்டும்போது பாறை வந்தாலோ களிமண் வந்தாலோ கடைக்காலே இரண்டு மடங்காகலாம்.

தாமதத்தின் விலையையும் போட்டுப் பாருங்கள். கட்டும் காலத்தில் விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி கட்டுவீர்கள், கூடவே வாடகையும். மேலே சொன்ன உதாரணத்தில் 90,000 வெளியே வந்தபிறகு வேலை ஆறு மாதம் தள்ளிப்போகிறது, வாடகை மாதம் 400 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 3,900க்கு மேல், வாடகை 2,400. மொத்தம் 6,300. முதல் ஐந்து வருடம் தவணை கட்டி அசலில் குறைத்தது 7,000தானே? அது முழுவதையும் ஏறக்குறைய ஒரு தாமதம் தின்றுவிடுகிறது. கொஞ்சம் சேமிப்பு வைத்திருப்பவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்: அதை எல்லாம் சொந்தப் பங்காகக் கொட்டிக் கடனைக் குறைக்காதீர்கள். வங்கி சம்மதித்தால் கடனை ஒரு பங்கு கூட்டி வாங்கி, அந்தப் பணத்தைக் கையில் வையுங்கள். குறைந்தது ஆறு மாதத் தவணை, அதோடு கூரைக் கட்டத்தைத் தாண்டப் போதுமான தொகை. கூடுதல் வட்டி கட்டுவீர்கள்தான், ஆனால் வேலை நிற்காது.

சொந்தப் பங்கு என்றால் ரொக்கம் மட்டும் இல்லை. வில்லங்கமில்லாத நிலம் உங்கள் பெயரில் இருந்தால் அதுவே பெரிய பங்கு. பல இடங்களில் நிலத்தின் மதிப்பை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளும், எவ்வளவு என்று கேட்க வேண்டும். நிலமும் இல்லை, அதையும் கடனில் வாங்கி வீடும் கடனில் கட்டுவது என்றால், என் பதில் ‘இப்போது வேண்டாம்’ என்பதுதான். உழைப்பும் ஒரு பங்குதான்: பெயின்ட் அடிப்பது, தோட்டச் சுவர் கட்டுவது போன்றவற்றை நீங்களே செய்தால் கூலி மிச்சம். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே மாலையிலும் விடுமுறையிலும் செய்வதால் எவ்வளவு முடியும் என்பதைப் பெரும்பாலானோர் இரண்டு மடங்காக நினைத்துக்கொள்கிறார்கள். மின்சாரம், குழாய், கூரை இந்த மூன்றிலும் கை வைக்க வேண்டாம்.

பெற்றோரோ உடன்பிறந்தவரோ உதவினால், அது அன்பளிப்பா கடனா என்று எழுதிக்கொள்ளுங்கள். வங்கியும் கேட்கும், நாளைக்குக் குடும்பத்திலும் கேள்வி வரும். ஜாமீன் கையெழுத்தும் கூடுதல் அடமானமும் ஒன்றல்ல. பெற்றோர் தங்கள் வீட்டை அடமானமாகக் கொடுத்தால், உங்கள் வீட்டோடு அவர்கள் வீடும் போகக்கூடும். அப்படிக் கொடுப்பதாக இருந்தால், உங்கள் கடன், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் அவர்கள் பத்திரத்தை விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனையை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு குறுக்குவழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் கட்டாயம் யாராவது உங்கள் காதில் போடுவார்கள். ஒன்று, எஸ்டிமேட்டை ஏற்றி எழுதுவது. செலவு 80, தாளில் 100. அதில் 80 சதவீதம் கடன் வாங்கினால் சொந்தப் பணமே தேவையில்லை என்று கான்ட்ராக்டரே சொல்வார். இது வங்கிக்குக் கொடுக்கும் பொய்த் தகவல். பொறியாளர் ஒவ்வொரு கட்டத்திலும் தன் கணக்கில் மதிப்புப் போடுகிறார், வித்தியாசம் தெரிந்தால் அடுத்த தொகையை நிறுத்துவார், அப்போது கூரை இல்லாத சுவர்களோடு நிற்பீர்கள். மற்றொன்று, பெர்சனல் லோன் வாங்கி அதைச் சேமிப்பு என்று காட்டுவது. வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு, ஆகவே மாதத் தவணை பெரிது. வாடகையும் கட்டுமான வட்டியும் ஒன்றாகக் கட்டும் அதே மாதங்களில் இதுவும் வந்து சேரும். கடன் தகவல் அறிக்கையிலும் தெரிந்துவிடும்.

காத்திருப்பதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். உங்கள் வாடகை 400, வரப்போகும் தவணை 822 என்றால், இந்த மாதம் முதலே மீதி 422ஐத் தனிக் கணக்கில் போட ஆரம்பியுங்கள். இரண்டு வருடத்தில் பத்தாயிரம் சேரும், வீட்டுச் செலவில் பத்து சதவீதம். ஆனால் அதே இரண்டு வருடத்தில் கட்டுமானச் செலவு ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் 1,00,000 என்பது 1,10,250 ஆகிவிடும். வாங்க வேண்டிய கடன் குறையவே இல்லை! காத்திருந்தால் கடன் குறையும் என்று யாராவது சொன்னால், அது எப்போதும் உண்மை இல்லை. அப்படியும் நான் இதைச் செய்யச் சொல்வது வேறு காரணத்துக்காக. அந்த 422ஐ மாதாமாதம் தொடாமல் எடுத்து வைக்க முடிகிறதா என்பது, எந்த வங்கியின் தகுதிக் கணக்கையும்விட நம்பகமான சோதனை. ஆறு மாதத்தில் மூன்று முறை அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், வீடு இன்னும் சின்னதாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். எடுக்காமல் இருந்தால், சேர்ந்த பணமே உங்கள் கையிருப்பு. இரண்டு வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு வருடமே போதும்.

சின்னதாகக் கட்டுவதும் ஒரு வழிதான். இரண்டு மாடி தாங்கும் கடைக்கால், இப்போதைக்குக் கீழ்த்தளம் மட்டும். ஆனால் வரைபட அனுமதியும் கடனும் கீழ்த்தளத்துக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கிவிட்டு ஒன்றோடு நிறுத்தினால், வங்கியின் பார்வையில் அது முடிக்காத வீடு. கடைசித் தொகை வராது.

வட்டி மிதக்கும் வகை, அதாவது கடன் காலத்தில் ஏறி இறங்கக்கூடியது என்றால், இரண்டு சதவீதம் ஏறினாலும் தாங்குமா என்று பாருங்கள். 8.75 என்பது 10.75 ஆனால் 822 தவணை 962 ஆகும். தவணை இருவரின் கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வங்கி பாதி வரை அனுமதித்தாலும் நீங்கள் அனுமதிக்க வேண்டாம். ஒருவர் சம்பளம் ஒரு வருடம் இல்லாமல் போனாலும் ஓடுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தை பிறக்கும் வயதில் இருக்கும் தம்பதிகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

முன்கூட்டி அடைக்கும் உரிமை அபராதம் இல்லாமல் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதே 1,00,000 கடனில் முதல் வருட முடிவில் 5,000 மட்டும் கூடுதலாகக் கட்டி, தவணையை 822ஆகவே வைத்தால், கடன் 42 மாதம் முன்னதாக முடியும். ஆறு தவணைத் தொகை, மூன்றரை வருடத் தவணையை அழிக்கிறது. அதே 5,000ஐப் பதினைந்தாவது வருடம் கட்டினால் இந்தப் பலன் வராது. ஆகவே வீட்டுக்குள் குடியேறிக் கையிருப்பு மிஞ்சியிருந்தால், ஆறு மாதத் தவணையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை உடனே அசலில் கட்டுங்கள். அலமாரியும் வாசல் கேட்டும் அப்புறம் வரலாம்.

வங்கிக்கு முதல்முறை போகும்போது வட்டி எத்தனை என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் விடுவிப்பீர்கள், என் பங்கு முதலில் இறங்க வேண்டுமா, நிலத்தை எவ்வளவுக்கு மதிப்பீர்கள், குறித்த காலத்தில் வேலை முடியாவிட்டால் தவணை தொடங்கிவிடுமா, எடுக்காத தொகைக்குக் கட்டணம் உண்டா, கடன் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வட்டியைக் குறைப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.